கூறு போட்ட மாத்திரை

வேர்வையை நிறுத்த மருந்து கேட்டு என்னிடம் வந்த முதல் ஆள் அந்த அம்மாதான். குழந்தை வேண்டும் என்று வருவார்கள், போதும் என்று வருவார்கள், இடுப்பு வலி, வெள்ளைப்படுதல், ரத்தசோகை என்று வருவார்கள். வேர்வைக்கென்று யாரும் வந்ததில்லை. வெயிலில் வேலை செய்கிற உடம்பு வேர்க்கத்தானே செய்யும் என்று நான் கேட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். இவ்வளவு படித்துவிட்டு இதைச் சொல்லவா இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிற பார்வை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு ஏனோ வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. வலங்கைமானிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் வந்துவிடக்கூடிய ஒரு தாலுக்கா ஊரில், தாலுக்கா ஆபீசுக்கு எதிர் வரிசையில் என் கிளினிக். ஒரு பக்கம் சைக்கிள் கடை, மறுபக்கம் உரக்கடை. பிரசவம் பார்க்க ஒரு அறை, நோயாளிகள் உட்கார இரண்டு பெஞ்சு, எனக்கு ஒரு மேஜை. மெட்ராஸில் படித்துவிட்டு இந்த ஊரில் போய் உட்கார்ந்திருக்கிறாளே என்று என் வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த ஊர் பிடித்திருந்தது. காரணம் கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது.

அந்த அம்மாவை எனக்கு முன்பே தெரியும். அவருடைய மகளின் பிரசவம் என்னிடம்தான் நடந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர், ஒல்லி, நல்ல உயரம். சுற்றுவட்டாரத்தில் ஒரு நடவுக் கூட்டத்தை அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார். மிராசுதார் வீட்டுக் காரியக்காரர் வந்து இன்னின்ன நாள் நடவு என்று அவரிடம்தான் சொல்லுவார். எத்தனை பெண்கள் வேண்டும், எந்த வயலில் யார் ஓரம் பிடிப்பது, யார் நாற்று வீசுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்த பிறகு, பெண்கள் தரப்பில் பேசுவதற்கும் அவரையே நிறுத்திவிட்டார்கள்.

கூலிச் சண்டை உச்சத்தில் இருந்த வருஷங்கள். நிலத்துக்கும் நெல்லுக்கும் நடந்த தகராறில் பக்கத்துத் தாலுக்காக்களில் குடிசை எரிந்த கதைகள் எல்லோர் மனதிலும் இருந்தன. ஆட்சி மாறி, இப்படி ஏதாவது தகராறு என்றால் மிராசுதார், சங்கத்துக்காரர், சர்க்கார் என்று மூன்று தரப்பும் தாசில்தார் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவது என்ற வழக்கம் வந்திருந்தது. அதற்கு முன்பெல்லாம் மிராசுதார் வீட்டு வாசலில் நின்றுதான் பேச வேண்டும். அவர் வெளியே வரும் வரைக்கும் நிற்க வேண்டும்.

அந்த வருஷத் தகராறு மரக்கால் பற்றியது. நடவுக் கூலியை நெல்லாக அளப்பார்கள். கூலியை ஏற்றிவிட்டோம் என்று மிராசுதார்கள் சொன்னார்கள். ஏற்றியது உண்மை, ஆனால் சில களங்களில் அளக்கிற மரக்கால் சிறியதாகிவிட்டது என்பது பெண்களின் புகார். கையில் வாங்கும்போதே தெரிகிறதாம். சர்க்கார் முத்திரை போட்ட மரக்காலால்தான் அளக்க வேண்டும் என்று கேட்கத்தான் அந்த அம்மா தாலுக்கா ஆபீசுக்குப் போயிருக்கிறார்.

பேச வாயைத் திறந்ததும் நெஞ்சிலிருந்து குப்பென்று சூடு கிளம்பியிருக்கிறது. கழுத்து, முகம், உச்சந்தலை வரைக்கும் ஏறி, வேர்த்துக் கொட்டி, ரவிக்கை நனைந்து, படபடப்பில் நாக்கு ஒட்டிக்கொண்டு, சொல்ல வந்தது மறந்துபோய்விட்டது. எதிர் வரிசையில் மிராசுதார்களுக்காகப் பேச வந்தவர் சிரித்திருக்கிறார். பொய் சொல்ல வந்தால் இப்படித்தான் வேர்க்கும் என்று சொல்லியிருக்கிறார். அந்த வரிசை முழுக்கச் சிரித்திருக்கிறது. தன் பக்கத்து ஆம்பிளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். இதைச் சொல்லும்போது முந்தானையை இழுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் பயம் கிடையாதுங்கம்மா. ஆனா ஒடம்பு பயந்த மாதிரி நடிக்குது. மறுபடி கூப்பிடுவாங்க. அதுக்குள்ள இதை நிறுத்தணும்."

நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். மாதவிலக்கு ஒரு வருஷமாகவே முன்னும் பின்னுமாக வந்து, இப்போது பல மாதமாக இல்லை. தூக்கம் இல்லை. விடியற்காலையில் பாய் நனைந்திருக்கிறது. நடவில் குனிந்து நிமிர்ந்தால் காது அடைத்துக்கொள்கிறது. சும்மா சும்மா மருமகள் மேல் எரிந்து விழுகிறார், அப்புறம் போய் அவளுக்கே தலை வாரி விடுகிறார். உடம்பு சூடு என்று நினைத்து நீராகாரம் குடித்திருக்கிறார், எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறார், மாரியம்மனுக்கு மஞ்சத்தண்ணி ஊற்றியிருக்கிறார். எதற்கும் அசையவில்லை.

எனக்கு இது புதிது இல்லை. அதற்கு முந்தின வருஷம்தான், மாதவிலக்கு நிற்கிற வயதுக்கான இந்த ஹார்மோன் வைத்தியத்தை முதல் முறையாக ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் ஒரு மிராசுதாரின் மனைவி. காரில் வருவார், ஜன்னலுக்குத் துணி கட்டியிருக்கும். தூக்கமில்லாமல், அழுதுகொண்டும் வேர்த்துக்கொண்டும் இருந்தவரை வீட்டார் வேறு என்னவோ என்று நினைத்து, தாயத்து கட்டி, கோயில் கோயிலாகக் கூட்டிப் போய் அலுத்துவிட்டு, கடைசியாக என்னிடம் வந்திருந்தார்கள். அவருடைய கணவர் அதிகம் பேசாத மனிதர். உள்ளே வந்து, இது பைத்தியமா என்று ஒரு கேள்வி, சரியாகிவிடுமா என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். மாத்திரை தொடங்கிக் கொஞ்ச காலத்தில் அவர் மனைவி தூங்க ஆரம்பித்தார். முகத்தில் சதை பிடித்தது. ஒரு நாள் என் மேஜையைப் பார்த்து இவ்வளவு தூசியா என்று என்னையே அதட்டினார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்ச நஞ்சமில்லை.

ஆனாலும் இந்த மாத்திரைகளை எழுதும்போது என் பேனா கொஞ்சம் தயங்கத்தான் செய்யும். உடம்பு சுரப்பதை நிறுத்திக்கொண்ட ஒன்றை வெளியிலிருந்து கொடுக்கிறோம். மார்பில் கட்டி இருந்தால் கூடாது, காலில் ரத்தம் கட்டிய ஆளுக்குக் கூடாது, ஈரல் கெட்டிருந்தால் கூடாது. கர்ப்பப்பை இருக்கிறவருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் உள்ளே இருக்கிற சவ்வு தடித்துக்கொண்டே போகும். அதைத் தடுக்க இன்னொரு மாத்திரையை மாதத்தில் சில நாள் சேர்த்துக் கொடுக்க வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எதுவரைக்கும் என்று ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நடவுக் கூட்டத்து அம்மாவை முழுக்கப் பரிசோதித்தேன். நெல் மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்கிற வியாபாரி மாதிரி பார்க்கிறீங்களே என்று சொல்லிவிட்டு, அவரே சிரித்தார். கொடுக்கலாம் என்று தெரிந்தது. மெடிக்கல் ரெப் வைத்துவிட்டுப் போன சாம்பிள் என்னிடம் இருந்தது, இரண்டு பேருக்கு ஒரு மாதத்துக்கும் மேலாகவே வரும். அதில் ஒருவருக்கு ஆகிற இரண்டு வகை அட்டைகளையும் எடுத்துக் கொடுத்து, எதை எப்போது என்று சொன்னேன். இரண்டாவது மாத்திரையால் மறுபடியும் மாதவிலக்கு மாதிரி படும், பயப்படக் கூடாது என்றேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், கிளம்பிப் போன விருந்தாளியை ரோட்டிலிருந்து திரும்பக் கூப்பிடச் சொல்கிறீர்கள், அவ்வளவுதானே என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். மறுபடி வந்து நின்றார். ஒன்றும் குணமில்லை, மாத்திரையும் தீர்ந்துவிட்டது என்றார்.

தீர்ந்துவிட்டதா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை மாத்திரையையும் இந்த ஒரு வாரத்தில் விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கையைப் பிடித்து நாடி பார்த்தேன். அவர் நிதானமாக, எல்லாத்தையும் நான் எங்கேங்க தின்னேன், கூறு போட்டுட்டோம் என்றார்.

கூறு என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். அவர்கள் கூட்டத்துச் சட்டம் அது. நடவுக்கு வந்த இடத்தில் எது கிடைத்தாலும், யாருக்குக் கிடைத்தாலும், அது கூட்டத்தின் சொத்து. நெல் வந்தாலும் வெற்றிலை பாக்கு வந்தாலும், தண்ணீர் வடிந்த வாய்க்காலில் இரண்டு விராலும் நாலு கெண்டையும் அகப்பட்டாலும், வரப்பில் வரிசையாகக் கூறு வைப்பார்கள். கூறு எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். தலைவிக்குப் பெரிய கூறு என்ற பேச்சே கிடையாது. வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துவிட்டவளுக்கும் ஒரு கூறு உண்டு. அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியதால்தான் அவரைத் தலைவியாக வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர், டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை மட்டும் மடியில் முடிந்துகொண்டு தனியாக விழுங்குவாரா. வரப்பில் உட்கார்ந்து, இந்த வேர்வை யார் யாருக்கு இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அந்த வயதுக்காரிகள் கையைத் தூக்கியிருக்கிறார்கள். அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, இரண்டு நிறமும் ஆளாளுக்குச் சரிசமமாக வரும்படி வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பல்லெல்லாம் கொட்டிப்போன ஒரு பெரியம்மா, தனக்கு வேர்வை நின்று பல காலம் ஆனாலும் பங்கு பங்குதான் என்று கேட்டு வாங்கி, முதல் மாத்திரையிலேயே முட்டி வலி போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். இது விரால் மீனா, வெற்றிலையா, மருந்தை இப்படிப் பிரித்துத் தின்று யாராவது செத்து வைத்தால் யார் பதில் சொல்வது என்று கத்தினேன். அந்த அம்மா நான் முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார். ஒரே நோவுக்கு ஒரே மருந்துதானேங்க என்றார். அதற்கு நான், ஒரே நாற்றுதான், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே மாதிரி தண்ணீர் வைப்பீர்களா என்று கேட்டேன். டாக்டரம்மாவுக்கு நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனாலும் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். மாத்திரை சாப்பிட்ட அத்தனை பேரையும் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்றேன். நிறுத்துகிறேன் என்றார்.

அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள், வயல் வேலை ஓய்ந்திருக்கும். அன்றைக்கு வந்து இறங்கினார்கள். தலைக்குக் குளித்து, துவைத்த சேலை கட்டி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி இரண்டு பெஞ்சையும் வாசற்படியையும் நிரப்பிவிட்டார்கள். ஒவ்வொருவராகப் பார்த்தேன். எத்தனை நாளாக எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. புருஷன் பக்கத்தில் வந்தாலே எரிகிறது என்று ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார் இன்னொருவர். பக்கத்தில் குனிந்து நட்டவளுக்கும் அதேதான் என்பது அந்தக் கூறு போட்ட நாள்வரைக்கும் அவருக்குத் தெரியாது.

ஒருவரைப் பரிசோதிக்கும்போது என் விரல் நின்றுவிட்டது. இடது மார்பில், அக்குளுக்குப் பக்கத்தில், கெட்டியாக ஒரு கட்டி. ரொம்ப நாளாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கு, வலிக்கலை, அதனால சொல்லலை என்றார். அவரும் தன் கூறைத் தீர்ந்துவிடாதபடி சில நாளைக்கு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கூட்டத்தின் தலைவியை உள்ளே கூப்பிட்டேன். கத்தவில்லை. தஞ்சாவூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் அவரே கூட்டிக்கொண்டு போனார். ஆபரேஷன் நடந்தது. மறுபிழைப்பு என்றே சொல்ல வேண்டும். நான் அந்த ஊரை விட்டு வந்து பல வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பெண் நடவுக்குப் போய்க்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். மாத்திரையைக் கூறு போடாமல் இருந்திருந்தால் அவர் என்னிடம் வந்திருக்கவே மாட்டார். கத்தினவள் நான்தான், ஆனாலும் இதை யோசிக்கும்போதெல்லாம் அந்த வரப்புச் சட்டத்துக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

வந்தவர்களில் சிலருக்குத்தான் மாத்திரை கொடுக்கலாம் என்று இருந்தது. ஒருவருக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கம், இன்னொருவருக்குக் காலில் ரத்தம் கட்டி வீங்கிய பழைய கதை. அப்போதைக்கு என் கையில் மிச்சமிருந்த சாம்பிள் ஒருவருக்குத்தான் காணும். ரெப் அடுத்து வரும்போது வாங்கித் தருகிறேன், அதுவரைக்கும் யாராவது ஒருவர், பிரிக்கக் கூடாது என்றேன். வாசற்படியில் உட்கார்ந்து பேசினார்கள். எனக்கு உள்ளே எல்லாம் கேட்டது. தலைவி வேண்டாம் என்றார், வேறு ஒருத்திக்குக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் தஞ்சாவூர் போக வேண்டிய அந்தப் பெண்தான் பேச்சை முடித்துவைத்தது.

"நீ தின்னுக்க. நீதானே அங்க போய்ப் பேசணும். எனக்கு வேர்த்தா வேர்த்துட்டுப் போவுது."

அப்படித்தான் அவர்கள் சட்டத்தில் முதல் தடவையாகத் தலைவிக்கு ஒரு முழுக் கூறு கிடைத்தது. ஆனால் இந்த மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி இல்லை, உடம்பில் பிடிக்கச் சில வாரமாவது ஆகும். பின்னால் அது நன்றாகவே வேலை செய்தது. தூக்கம் வந்தது, மருமகள் தப்பித்தாள், இரண்டு வருஷம் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். அதெல்லாம் பின்னால். பேச்சுவார்த்தைக்கு மறுபடி கூப்பிட்டது மாத்திரை தொடங்கிச் சில நாட்களிலேயே. இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடக் கூடாதா என்று கேட்டேன். முடியாது என்றார். சம்பா நாற்று நாற்றங்காலில் முற்றிக்கொண்டிருந்தது. தள்ளிப்போனால் மிராசுதார்கள் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து நட்டுவிடுவார்கள், அப்புறம் மரக்காலைப் பற்றிப் பேச ஆளும் இருக்காது, வேலையும் இருக்காது. வேர்த்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்.

அன்றைக்குக் காலையில் கிளினிக்கில் நல்ல கூட்டம். தாலுக்கா ஆபீஸ் பியூன் மூச்சு வாங்க ஓடி வந்தார். தாசில்தார் கூப்பிடுகிறார், பேச வந்த அம்மாவுக்கு நெஞ்சு வலி என்றார். ஸ்டெதஸ்கோப்பையும் பிரஷர் பார்க்கும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன். காம்பவுண்டுக்குள் தூங்குமூஞ்சி மரத்தடியில் நடவுப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என் கையில் பெட்டியைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

உள்ளே நீளமான மேஜை. ஒரு பக்கம் மிராசுதார்கள், ஒரு பக்கம் சங்கத்துக்காரர்கள், மேஜை முனையில் தாசில்தார். பெண் என்று அந்த அறையில் இருந்தது அந்த அம்மா ஒருவர்தான். முகத்திலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது, ரவிக்கை தோளோடு ஒட்டியிருந்தது, மூச்சு மேலும் கீழும் வாங்கியது. கண் மட்டும் நிதானமாக இருந்தது. எதிரில், போன தடவை சிரித்த அதே மனிதர், இந்தத் தடவை சிரிக்கவில்லை. ரொம்ப அக்கறையாக, பாவம், உடம்பு முடியாத பொம்பளையை உட்கார வைத்துக்கொண்டு என்ன பேசுவது, வீட்டுக்கு அனுப்புங்கள், அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாட்டியிருந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கிளம்புகிறவர் மாதிரி மடித்தும் விட்டார்.

நாடி பார்த்தேன், பிரஷர் பார்த்தேன். என்ன என்று எனக்கு வாசற்படியிலேயே தெரியும். ஹார்ட்டா என்று தாசில்தார் கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் என்ன என்றார். என் நோயாளியின் விஷயத்தை ஊர் முன்னால் போட்டு உடைக்க எனக்கு உரிமை கிடையாது. அதோடு, அத்தனை ஆம்பிளைகள் நடுவில் அந்த வார்த்தையைச் சொல்வது எப்படி. உடம்பு உஷ்ணம், அவ்வளவுதான், பயமில்லை என்று முனகினேன். உஷ்ணம் என்றால் ஓய்வு வேண்டுமே, அதைத்தானே நானும் சொல்கிறேன் என்று அந்தக் கண்ணாடிக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அவரோடு இரண்டு பேர் எழுந்தார்கள். அந்த வருஷத்து மரக்கால் அந்த நிமிஷத்தில் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அந்த அம்மா மணிக்கட்டிலிருந்து என் விரலை மெல்ல எடுத்துவிட்டார்.

"டாக்டரம்மா சொல்லக் கூச்சப்படுறாங்க, நானே சொல்லிடுறேன். எனக்குத் தீட்டு நிக்கிற வயசுங்க. அதுல வர்ற வேர்வை இது. போன தடவ வந்ததும் இதேதான். இது பயமும் இல்ல, பொய்யும் இல்ல, நெஞ்சு வலியும் இல்ல. கொஞ்ச நேரத்துல அடங்கிடும். அடங்குனதும் பேசுறேன். யாரும் எந்திரிக்க வேணாம், உக்காருங்க."

ஒருவர் மோட்டுவளையைப் பார்த்தார், ஒருவர் தன் மோதிரத்தைப் பார்த்தார். சங்கத்துத் தோழர்களின் காதெல்லாம் சிவந்துவிட்டது. எழுந்தவர்கள் எழுந்தபடியே நின்றார்கள். அப்போது மிராசுதார் வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் அங்கே இருப்பதை உள்ளே வந்ததுமே பார்த்துவிட்டு, அந்தப் பக்கமே திரும்பாமல் கழுத்தை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தேன். ஜன்னலுக்குத் துணி கட்டிய அந்தக் காரின் சொந்தக்காரர்.

"உட்காருங்கய்யா. என் வீட்லயும் இதேதான். நான் தினமும் பாத்துருக்கேன். அடங்கிடும், பொறுங்க."

சொல்லிவிட்டு, தன் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரை மேஜையின் அந்தப் பக்கம் நகர்த்தினார். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். கண்ணாடியை மடித்தவர் அதை மறுபடி மாட்டிக்கொண்டார். தாசில்தார் தானே எழுந்துபோய் டேபிள் ஃபேனை அந்த அம்மா பக்கம் திருப்பினார். பிறகு எல்லோரும் சும்மா இருந்தார்கள். எனக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது, ஆனாலும் நாடி பார்க்கிற சாக்கில் அந்தக் கையை மறுபடி பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். நான் எத்தனையோ பெரிய டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இவருக்குப் பக்கத்தில் நின்ற அளவு பெருமை எனக்கு வேறெங்கும் வந்ததில்லை. அவருடைய நாடி என் விரலுக்கடியில் மெல்ல மெல்ல இறங்கியது.

அடங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டம்ளரை எடுத்து அண்ணாந்து தண்ணீர் குடித்தார். பிறகு பேசினார். கூலியை ஏற்றிவிட்டு மரக்காலைச் சிறிதாக்கினால் ஏற்றியது யாருக்கு என்று கேட்டார். நான் சொல்வது பொய் என்றால் உங்கள் களத்து மரக்காலை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள், ஆபீசில் இருக்கிற முத்திரை மரக்காலால் நீங்களே அளந்து பாருங்கள் என்றார். சத்தமே போடவில்லை. வயலில் நாற்று முடியைப் பிரித்து வைக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வைத்தார். தாசில்தார் உடனே கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். வந்தது, அளந்தார்கள், குறைந்தது. எல்லாக் களத்திலும் முத்திரை மரக்கால்தான், நடவு மறுநாளே தொடங்கும் என்று முடிவாகிக் கையெழுத்தானது.

நாங்கள் வெளியே வந்தபோது பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். நெஞ்சு வலியா, என்ன ஆச்சு, மரக்கா என்ன ஆச்சு என்று ஒரே பேச்சு. முத்திரை மரக்கால் வந்துவிட்டது என்று அவர் சொன்னதும் குலவை போட்டார்கள். பல் போன அந்தப் பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார். கிளினிக்கில் கூட்டம் காத்திருக்கிறது என்பது எனக்கு ஞாபகம் இருந்தது, கால்தான் நகரவில்லை.

அந்த அம்மா மரத்தின் வேரில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். சத்தம் ஓய்ந்த பிறகு, தனக்கே இன்னும் நம்பிக்கை வராதவர் மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு வேர்த்துது. அது அடங்குற வரைக்கும் அவ்வளவு பேரும் வாயத் தொறக்காம நமக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்கடி."

மரக்காலுக்குக் குலவை போட்டவர்கள் இதற்குப் போடவில்லை. ஒருத்தி அழ ஆரம்பித்தாள், பிறகு எல்லோரும் அழுதார்கள்.